அப்படியே விட்டுடு அக்கா

"மாப்பிள்ளை, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள போயிட்டு வெளியே வரத் தெரியலேன்னா வாய்விட்டுச் சொல்லிடுங்க. நான் என் பொண்ணுகிட்ட சொல்லமாட்டேன்."

"வரத் தெரியும் அத்தை. வரக்கூடாதுன்னுதான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

அத்தை நம்பிய மாதிரி தெரியவில்லை. மருமகன் சொல்வதை முதல் தடவையிலேயே நம்பிவிட்டால் மாமியார் பதவிக்கு என்ன மரியாதை? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு துப்பறியும் ஆபீஸ் திறந்தவள் அவள். கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவனை, மூலையில் கிடக்கிற குடையை மழைக்கு எடுத்துக்கொள்கிற மாதிரி உதவிக்கு எடுத்துக்கொண்டதாக எல்லோரிடமும் சொல்வாள். மாமியாரிடம் வேலை பார்த்தவனுக்குத் தனியாகப் போலீஸ் பயிற்சி வேண்டாம் என்று அவனும் எல்லோரிடமும் சொல்வான்.

இன்றைக்கு இரண்டு பேருடைய கேலியும் உதட்டோடு நின்றது. நேற்று மதியம் வரைக்கும் இந்த அறையின் கட்டிலில் ஓர் ஆள் படுத்திருந்தான். கழுத்துக்குக் கீழே விரல்களைத் தவிர வேறெதுவும் அசையாத ஆள். மார்புக்கு மேலே சாய்வாக ஒரு பலகை, பலகையில் கீபோர்டு, முகத்துக்கு நேராகக் கறுப்புத் திரை. மவுஸ் கிடையாது. கையை நகர்த்த முடியாதவனுக்கு மவுஸ் எதற்கு? விரல் நுனியாலேயே கட்டளை கொடுத்து எழுதுகிற பழைய காலத்து எடிட்டர் புரோகிராமில் பல ஊர்க் கம்பெனிகளுக்கு வேலை செய்துகொடுத்தவன். கட்டில் தலைமாட்டில் மூச்சு மெஷின். அதைத்தான் யாரோ நேற்று அணைத்துவிட்டார்கள்.

யார் என்பதைத் திரையே சொல்லிக்கொண்டிருந்தது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்.

"நர்ஸைக் குத்தம் சொல்லாதீங்க. மெஷினை நிறுத்தச் சொல்லி நான்தான் கெஞ்சினேன். அவ பாவம், எனக்காகச் செஞ்சா."

மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோதே அவர் உயிர் போயிருந்தது, நான் மெஷினைத் தொடவேயில்லை என்று நர்ஸ் பெண் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். போலீஸ் அதைக் காதில் வாங்கவில்லை. செத்தவனே எழுதிவைத்திருக்கும்போது உயிரோடிருப்பவள் பேச்சை யார் கேட்பார்கள்? இன்று சாயங்காலம் அவளை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகிறார்கள். போய்விட்டால் பிறகு வேலையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அவளுடைய அம்மா காலையிலிருந்து அத்தையின் ஆபீஸ் மாடிப்படியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போகச் சொன்னால் மகள் வந்தபிறகு போகிறேன் என்கிறாள்.

"எவ்வளவு நல்ல மனசு பாருங்க" என்றாள் அத்தை, திரையைப் பார்த்து. "குத்தம் சொல்லாதீங்கன்னு சொல்லியே கழுத்துல கயிறு மாட்டியாச்சு. கோவத்துல எழுதினா இவ்வளவு சுத்தமா மாட்ட வராது."

அந்த நேரத்தில் செத்தவனின் அக்கா டீ கொண்டுவந்தாள். அந்தத் தெருவுக்கே அவள் அக்காதான். பேப்பர்காரனுக்கும் அக்கா, கேஸ்காரனுக்கும் அக்கா. தம்பிக்குப் பத்து வயதில் நோய் வந்ததிலிருந்து இந்த அறையைத் தவிர அவளுக்கு வேறு ஊர் உலகம் கிடையாது என்று வாசலிலேயே இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அழுது வீங்கிய முகமாக இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகமாக இருந்தது.

மாப்பிள்ளை வயர் எங்கே போகிறது என்று பார்க்கத் தலையணையைத் தூக்கினான். அவள் டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவன் கையிலிருந்து தலையணையை வாங்கி, உறையை இழுத்து நேராக்கி, எப்படி இருந்ததோ அதே சாய்மானத்தில் வைத்தாள். டீயை வாங்கும்போது அவன் கொஞ்சம் சிந்தினான். கைக்குட்டையை எடுப்பதற்குள் அவளுடைய துணி தரையைத் துடைத்துவிட்டிருந்தது.

"விடுங்க தம்பி. உங்களுக்கு வராது."

"இதையேதான் எங்க வீட்லயும் சொல்றாங்க" என்றான் அவன். அவள் சிரிக்கவில்லை.

நேற்று அந்த நேரத்தில் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். இந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாதாம். கறுப்பாக ஏதோ ஓடும், அவன் தட்டிக்கொண்டே இருப்பான், எனக்கு டிவி ரிமோட்டே பகை என்றாள். சொல்லிவிட்டு, ஜன்னல் திரைச்சீலையின் மடிப்பைச் சரிசெய்துவிட்டு, சமையலறைக்குப் போனாள்.

"இப்ப சொல்லுங்க. ஏன் கையைக் கட்டிக்கிட்டு நின்னீங்க?"

மாப்பிள்ளை திரையின் அடிவரியைக் காட்டினான். மங்கலாக ஒரு வார்த்தை, ரெக்கார்டிங் என்று. பக்கத்தில் ஏ என்ற எழுத்து.

இந்த எடிட்டருக்கு இரண்டு புத்தி உண்டு என்று அவன் விளக்கினான். திறந்தவுடன் கட்டளைப் புத்தியில் இருக்கும். அப்போது எந்த எழுத்தைத் தட்டினாலும் அது எழுத்தில்லை, உத்தரவு. ஒன்றைத் தட்டினால் வரி காணாமல் போகும், இன்னொன்றைத் தட்டினால் கடைசிக்கு ஓடும். ஐ என்ற எழுத்தைத் தட்டினால்தான் எழுதுகிற புத்திக்கு மாறும். அதற்குப்பிறகு தட்டுவதெல்லாம் வெறும் எழுத்து.

"புரியுது" என்றாள் அத்தை. "முதல் புத்தி நான் பேசறது. ரெண்டாவது நீங்க பேசறது."

"நானே அப்படித்தான் சொல்லலாம்னு இருந்தேன் அத்தை. பயந்துட்டேன்."

க்யூ என்பதும் ஓர் உத்தரவு. க்யூவைத் தட்டி, கூடவே ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த எழுத்தின் பேரில் ஒரு பதிவு ஆரம்பமாகும். அதற்குப்பிறகு எந்தச் சாவியைத் தொட்டாலும், அழித்தாலும் எழுதினாலும், ஒன்று விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கட்டளைப் புத்திக்குத் திரும்பி மறுபடி க்யூ தட்டுகிறவரைக்கும் நிற்காது. ஒரே வேலையை நூறு தடவை செய்கிறவர்களுக்கான வசதி. இந்தத் திரையில் அப்படி ஆரம்பித்த பதிவை இன்னும் யாரும் நிறுத்தவில்லை.

அத்தை வராந்தாவுக்குப் போய், போனில் பேசிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே அழைத்துவந்தாள். அவருக்குப் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டும் என்ற அவசரம். அவர் கண் முன்னாலேயே மாப்பிள்ளை எஸ்கேப் பட்டனைத் தட்டினான்.

"இந்த வீட்லேர்ந்து எஸ்கேப் ஆக இந்த ஒரு பட்டன்தான் இருக்கு போல" என்று முணுமுணுத்துக்கொண்டே க்யூவைத் தட்டினான். பதிவு நின்றது. புதிதாக ஒரு வெற்றுத் திரையைத் திறந்து, பிடித்து வைத்ததையெல்லாம் அதில் கொட்டி, ஒரு பிரதியும் எடுத்துக்கொண்டான்.

முதலில் ஐ. அதற்குப்பிறகு வந்தது நர்ஸ் இல்லை.

"என் அக்கா சரியாத் தூங்கி எத்தனையோ வருஷமாச்சு. இனிமேலாவது அவ தூங்கட்டும்."

அதையடுத்து, ஓர் எழுத்துக்கு ஒன்றாக அழித்ததற்கான குறிகள், வரி வரியாக. எல்லாம் அழிந்தபிறகுதான் நர்ஸைக் குற்றம் சொல்லாதீர்கள் என்று ஆரம்பித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவினார். "இதுல என்ன மேடம் இருக்கு? அவரே அக்காவை நினைச்சு எழுத ஆரம்பிச்சிருப்பாரு. மனசு மாறி அழிச்சிருப்பாரு."

"அவர் இப்படி அழிக்கமாட்டார் சார்" என்றான் மாப்பிள்ளை. இந்த எடிட்டரிலேயே வாழ்ந்தவனுக்கு ஒரு வரியை அழிக்க டி என்ற எழுத்தை இரண்டு தடவை தட்டினால் போதும். ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் போய் அழிப்பது, சமையல்காரன் கத்தியை வைத்துக்கொண்டு வெங்காயத்தைப் பல்லால் கடித்து நறுக்குகிற மாதிரி. எழுதியது புது ஆள்.

"அப்ப நர்ஸ்" என்றார் இன்ஸ்பெக்டர், விடாமல். அவர் கெஞ்சியதாக எழுதிவைத்தால் தண்டனை குறையும் என்று கணக்குப் போட்டிருப்பாள் என்றார்.

அத்தை வாதம் பண்ணவில்லை. ஸ்டேஷனுக்குப் போன் போடச் சொன்னாள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நர்ஸிடம், எதற்கு என்று சொல்லாமல் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். அவருடைய கறுப்புத் திரையில் எழுதவேண்டுமென்றால் என்ன செய்வாய்? ஸ்பீக்கரில் வந்த குரல் அழுது அழுது தேய்ந்திருந்தது. ஆனால் யோசிக்கவில்லை.

"ஐ தட்டணும். வந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்துட்டாரு. வரியை அழிக்க ரெண்டு டி. க்யூ பக்கம் மட்டும் போகாதே, நீ அழிக்கிறதைக் கூடப் பிடிச்சு வெச்சுக்கும்னு சிரிப்பாரு." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சார், அவருக்கு யாராவது ஷேவ் பண்ணிவிட்டீங்களா? நேத்து பண்ணல."

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். இப்படி அழுதுகொண்டே பொய் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். ஆனால் குரலில் முன்னிருந்த இரும்பு இல்லை.

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். "தெரிஞ்சவங்க ஐ மட்டும் தட்டுவாங்க. தெரியாதவங்க தட்டித் தட்டிப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. க்யூ, ஏ, ஐன்னு வரிசையாத் தட்டறது யாரு மாப்பிள்ளை?"

"கைதவறி விழுந்திருக்கலாம் அத்தை."

"ஒண்ணு தவறும். மூணு வரிசையாத் தவறுமா? அப்படித்தான் எழுதணும்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

அவள் என்ன நினைக்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தபோது, கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. நர்ஸ் கடைக்குப் போனபிறகு, இந்த எடிட்டர் தெரிந்த ஆள் நேற்று மதியம் இந்த வீட்டில் ஒருவன்தான் இருந்தான், கட்டிலில்.

பிறகு அத்தை அவனுக்கு ஒரு வேலை சொன்னாள். அக்காவின் வாக்குமூலத்தை இந்தக் கறுப்புத் திரையில் தட்டவேண்டும். ஐ மட்டும் தட்டக்கூடாது. தெரியாதவன் மாதிரி தடவவேண்டும்.

"நடிக்கணுமா அத்தை?"

"எதுக்கு? எப்பவும் இருக்கற மாதிரி இருங்க."

அக்காவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எழுதிக்கொள்ள ஸ்டேஷனிலிருந்து ஆள் வரவில்லை, எங்கள் மாப்பிள்ளையே டைப் அடித்துக்கொள்வார் என்றாள் அத்தை. புதுத் திரை காலியாக இருந்தது. அக்கா ஆரம்பித்தாள். நேற்றுக் காலை தம்பிக்கு உடம்பு துடைத்துவிட்டேன் என்றாள். மாப்பிள்ளை தட்டினான். கம்ப்யூட்டர் பீப் என்றது. ஓர் எழுத்தும் விழவில்லை.

அத்தை, அப்புறம் என்றாள். அக்கா மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவன் வேறு இரண்டு சாவியைத் தட்டினான். பீப், பீப். மன்னிக்கச் சொல்லிவிட்டுக் கீபோர்டைத் தூக்கிக் கவிழ்த்துத் தட்டினான். அக்காவின் விரல்கள் புடவைத் தலைப்பைச் சுருட்டின, பிரித்தன, சுருட்டின. அவன் கீபோர்டைக் கோணலாகத் திரும்ப வைத்தான். அவள் எட்டி அதை நேராக்கினாள். அவன் ஒற்றை விரலால் தடவித் தடவி இன்னொன்றைத் தட்டினான். பீப்.

தரையில் சிந்தியதைப் பொறுக்காதவள், மடிப்புக் கலைந்ததைப் பொறுக்காதவள், எத்தனை நேரம்தான் பொறுப்பாள்?

"தள்ளுங்க தம்பி. உங்களுக்கு வராது."

எழுந்து, அவன் தோளுக்கு மேலே குனிந்து, மூன்று சாவிகளைத் தட்டினாள். க்யூ. ஏ. ஐ.

"ம்... இப்ப அடிங்க."

திரையின் அடிவரியில் ரெக்கார்டிங் என்று வந்து நின்றது.

அக்கா மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ செய்துவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

"டிவி ரிமோட்டே பகைன்னே" என்றாள் அத்தை. 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. அத்தைக்குக் கோபம் ஏறினால் குரல் இறங்கும். "இது யாரு சொல்லிக் குடுத்தா?"

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மறைக்க முயற்சி செய்யவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவள் மாதிரிதான் பேசினாள்.

பெண் பார்க்க வந்தவர்களைத் தம்பிக்காகத் திருப்பி அனுப்பியதைச் சொன்னாள். ராத்திரியில் மூன்று தடவை எழுந்து அவனைத் திருப்பிப் படுக்கவைத்ததைச் சொன்னாள். போன வாரம் அவன் நர்ஸைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னானாம். நீ இனிமேல் ரெஸ்ட் எடுத்துக்கோ அக்கா என்றானாம். எங்கேடா போய் எடுத்துக்கிறது என்று கேட்டதற்கு, எங்கே வேண்டுமானாலும் என்றானாம்.

"எங்க வேணும்னாலும்" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

நேற்று நர்ஸ் படியிறங்கியதும் மெஷினை அணைத்திருக்கிறாள். அவன் விரலுக்கடியிலிருந்து கீபோர்டை உருவி எடுத்திருக்கிறாள். மூச்சு மெஷின் ஓடாமல் அவனால் கத்த முடியாது. ஆனால் கொஞ்ச நேரம் மெதுவாகப் பேச முடியும்.

"நான் தட்டத் தட்ட ஒண்ணுமே விழல. எப்படிடா எழுதறதுன்னு அவன்கிட்டயே கேட்டேன். க்யூ, ஏ, ஐ தட்டு அக்கான்னான். அழிக்கறது எப்படின்னு கேட்டேன். அதையும் சொன்னான். முடிக்கறது எப்படின்னு கேட்டப்ப மூச்சு வாங்கிடுச்சு. அப்படியே விட்டுடு அக்கா, ஒண்ணும் அமுக்காதேன்னான்." அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "அவன் சண்டை போடலீங்க. ஒரு வார்த்தை திட்டல. அவனுக்கும் போதும்னு ஆயிடுச்சு. இல்லேன்னா சொல்லிக் குடுப்பானா? நேத்து ராத்திரி எத்தனையோ வருஷத்துக்கப்புறம் நல்லாத் தூங்கினேன்."

மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தான். வேண்டாம் அத்தை, இதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. அத்தை அவனைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிற தாயை நினைத்தாளோ, ஷேவ் பண்ணாத முகத்தைப் பற்றிக் கேட்ட குரலை நினைத்தாளோ, தெரியாது.

"எழுதறதுக்கு ஐ ஒண்ணு போதும்" என்றாள்.

அக்காவுக்குப் புரியவில்லை. "அப்ப முன்னால ரெண்டு?"

"நீ தட்டறது எல்லாத்தையும் பிடிச்சு வெக்கறதுக்கு. அழிச்சதையும் சேர்த்து. யாராவது வந்து பார்ப்பாங்கன்னு சொல்லிக் குடுத்திருக்கான். மூச்சு நிக்கற நேரத்துல அவன் உனக்கு உதவி பண்ணல. உன் கையைக் கட்டினான்."

அந்தச் சிரிப்பு மாதிரியானது போவதற்கு நேரம் பிடித்தது. போனபிறகு அவள் கிழவியாகியிருந்தாள்.

"அழிச்சதும் இருக்கா?"

அத்தை தலையை அசைத்தாள். மாப்பிள்ளை வேண்டாவெறுப்பாகப் பிரதியைத் திறந்தான். என் அக்கா சரியாகத் தூங்கி எத்தனையோ வருஷமாச்சு. அக்கா அந்த வரியை உதட்டை அசைத்துப் படித்தாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"இதை அவன் படிச்சிருப்பானா?"

"அவன் முகத்துக்கு நேராத்தானே இருந்தது."

"படிச்சுட்டுமா அப்படியே விட்டுடுன்னான்?"

"இல்ல. நீ இதை அழிச்சுட்டு அவன் கட்டிக்கப்போற பொண்ணு பேர்ல பழியை எழுதினே பாரு, அதைப் படிச்சுட்டுச் சொன்னான்." அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "முதல் வரியோட நிறுத்தியிருந்தா, பதிவை நிறுத்தற வழியையும் சொல்லியிருப்பானோ என்னவோ. இனிமே யாரு கண்டா?"

மாப்பிள்ளை தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவும் சொல்லியிருக்கவேண்டியதில்லை என்று பிறகு வீட்டில் சொல்லவேண்டும் என நினைத்துக்கொண்டான். சொல்லமாட்டான் என்பதும் தெரியும்.

இன்ஸ்பெக்டர் வராந்தாவில் நின்று ஸ்டேஷனுக்குப் பேசினார். நர்ஸை உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பலாம், இங்கே பெண் போலீஸ் ஒருவரை அனுப்பு என்றார். பெட்டியைக் கழற்றச் சொல்லி மாப்பிள்ளைக்குச் சைகை காட்டினார்.

அவன் கட்டிலுக்கடியில் குனிந்து வயரை இழுத்தான். ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வந்தது. பலகை இடித்து டீத்தம்ளர் உருண்டது. ஆறிய டீ தரையில் ஓடியது. தலையணை சரிந்து அந்த ஈரத்தில் விழுந்தது.

அவன் தன்னையறியாமல் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான், உங்களுக்கு வராது என்ற அந்த வார்த்தைக்காக.

அவள் அவன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கைகளை மடியில் வைத்திருந்தாள். தலையணை உறையில் டீ மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் குனியவில்லை.